என்ஜின் குடித்த தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். நடுவில் வட்டமாகக் குட்டித் தண்டவாளம். அதன் மேல் அந்தக் கால நீராவி என்ஜின் — புகைபோக்கி, பித்தளை விசில், பச்சை பெயின்ட், எல்லாம் அச்சு அசல்.

"இந்த வயசுல குழந்தைங்க ரயில்ல ஏறணுமா?" என்றாள் மனைவி. ஏறினேன்.

டிரைவரிடம் கேட்டேன், "தண்ணி எங்கப்பா ஊத்துவீங்க?"

"தண்ணியா? இது பேட்டரி சார். புகைகூட மெஷின்லதான் வருது."

சப்பென்று ஆகிவிட்டது. ஏன் என்கிறீர்களா? அதற்கு உங்களை மரக்காணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அங்கே ஓர் உப்பளத்தில் நான் ஸ்டோர் கிளார்க். பாத்திகளிலிருந்து, உப்பைப் படகில் ஏற்றும் கால்வாய்க்கரை வரை சின்னத் தண்டவாளம் உண்டு. உப்பு வண்டிகளை இழுக்க வெள்ளைக்காரன் காலத்து நீராவி என்ஜின் ஒன்றும் இருந்தது. இருந்தது என்றால்... ரிப்பேராகி, ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. ஆட்கள் தள்ளினால் வண்டி கரைமேட்டில் ஏறாது. அதனால் உப்பு முழுக்கப் பெண்கள் தலையில்தான் போனது. சும்மாடு, அதன் மேல் கூடை, கூடையிலிருந்து கழுத்தில் வடியும் உப்புத் தண்ணீர்.

என்ஜினை இரும்புக் கடைக்குப் போட்டுவிட முதலாளி முடிவெடுத்தார். ஃபிட்டர் தாஸ்தான் குறுக்கே விழுந்தான். புதுச்சேரியில் ஒரு மில்லில் பாய்லர் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவன். "ஓட வெச்சுக் காட்டறேங்க. ஓடலன்னா குடுத்துடுங்க."

முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுவாகச் சொன்னார்.

தாஸ் அழுகிப்போன குழாய்களை மாற்றினான். காணாமல் போன பாகங்களுக்கு வரைபடமா இருந்தது? மரத்தில் மாதிரி செதுக்கி, புதுச்சேரிப் பட்டறையில் இரும்பாக வார்த்துக் கடைந்துகொண்டு வந்தான். சாயங்காலமானால் நானும் ஷெட்டில் ஆஜர். துரு தேய்த்துத் தேய்த்தே அந்த என்ஜின் மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது.

சனிக்கிழமை ட்ரையல். உதவி செய்வதாக நினைத்து வாட்ச்மேன், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரால் டேங்க்கை நிரப்பி வைத்திருந்தார். உப்பளத்துக் கிணறு! நீராவி ஏறியது, தாஸ் லீவரை இழுத்தான்... உள்ளே நுரைத்துப் பொங்கிய தண்ணீர் புகைபோக்கி வழியாக எங்கள் மேல் மழையாகக் கொட்டியது. காய்ந்ததும் சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"ஏம்பா, இதுவும் உப்பு விளைக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள் அஞ்சலை. கூடை சுமக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள், தாஸைத் தவிர.

பாய்லரைக் கழுவியாயிற்று. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தினமும் காலையில் மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய் வரும். வேலை செய்கிறவர்கள் குடிக்க அது ஒன்றுதான். மறுநாள் பெண்கள் குடங்களில் பிடித்துக்கொண்டிருந்தபோது தாஸ் அஞ்சலை முன்னால் போய் நின்றான்.

"அக்கா, தண்ணி வேணும்."

"குடிக்கவா?"

"என்ஜினுக்கு."

"நேத்து குடிச்சதையே துப்பிடுச்சே."

"அது உப்புத் தண்ணிக்கா. நல்ல தண்ணி ஊத்துனா ஓடும்."

"ஓடுனா நாங்க தலையில தூக்க வேணாம், வண்டில ஏத்தி எறக்குனா போதும். அப்படித்தானே?"

"ஆமாக்கா."

அஞ்சலை தன் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "ஒரு நாள் தாகத்த பொறுத்துக்கலாம்டி. கழுத்து வலிய எத்தினி நாளு பொறுக்கறது? கொடத்த எடுங்க."

சித்திரை வெயில். குடம் குடமாக என்ஜினுக்குள் போவதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். ஓடாவிட்டால்?

மத்தியானம் முதலாளி வந்தார். தாஸ் சிலுவை போட்டுக்கொண்டு லீவரைத் தொட்டான். ஒரு முனகல்... ஒரு பெருமூச்சு... உப்பு ஏற்றிய வண்டிகள் நகர்ந்தன. மேட்டில் கொஞ்சம் திணறி, என்ஜின் ஏறியேவிட்டது. நான் அழுதுவிட்டேன்.

பெண்கள் சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிகளோடு நடந்தார்கள். காலியான கைகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அஞ்சலை கையைக் கட்டிப் பார்த்தாள், இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் சும்மா வீசிக்கொண்டு நடந்தாள்.

"தொண்டை காயுது, தண்ணி குடுங்கப்பா" என்றார் முதலாளி.

"இல்லீங்க" என்றாள் அஞ்சலை, என்ஜினைக் காட்டி. "எல்லாத்தையும் இது குடிச்சிடுச்சு."

முதலாளி என்ஜினைப் பார்த்தார். வெடித்த உதடுகளோடு நின்ற பெண்களைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து ரெண்டு பீப்பா வரட்டும்" என்றார்.

லாரி உள்ளே வர ரோடு போடும் வரை அந்த என்ஜின் ஓடியது. பழசைக் காப்பாற்றுவது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கும் தாஸுக்கும் அது என்ஜின் மேல் ஆசை. அஞ்சலைக்கு அது அவள் கழுத்து. வெறும் ஆசைக்காக எந்த என்ஜின் மேடு ஏறியிருக்கிறது?

பொருட்காட்சி என்ஜின் ஒரு சுற்று முடித்து நின்றது. இதற்காக யாரும் தாகத்தோடு நிற்க வேண்டியதில்லை... கையிலிருந்த பாட்டில் தண்ணீரை நானே குடித்துவிட்டு இறங்கினேன்.