ஆன்டெனாவைத் திருப்பிய கை

டிவியில் பனிச்சறுக்கு நடனக்காரி சுழன்றதும், துருப்பிடித்த ஆன்டெனாக் குழாயைப் பற்றியிருப்பதுபோல் என் கை இறுகியது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சிச் சாலையில் மரங்களை வெட்டிப்போட்டிருந்த சமயம்; அப்போது நான் சிறுமி. பஸ் ஓடவில்லை. பண்ணையார் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தார்கள். நான் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பிப் படம் வரவைத்தால், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்பது பேச்சு. அன்றும் பனியில் ஒரு சிவப்புப் பாவாடைக்காரி சுழன்று எம்பினாள். பண்ணையாரம்மா ஜன்னலைச் சாத்தினார்.

"படந்தான் வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கிற?"

மறுபடி மாடியேறி, குழாயைக் கல்வராயன் மலையைப் பார்க்கத் திருப்பினேன்.

"படம் போச்சி. இன்னாடி பண்ற?"

"காத்து ஜாஸ்திங்கம்மா."

நிகழ்ச்சி முடியும்வரை பிடியை விடவில்லை.

இன்று எம்பியவள் ஒற்றைக்காலில் இறங்கியதைப் பார்த்துவிட்டேன். பண்ணையாரம்மா பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.