கெய்ன்வென் சித்தி கேட்காமல் விட்டது

கெய்ன்வென் சித்தி என் அம்மாவுக்கு நேர் இளையவள். அவள் புருஷன் பெயர் கோமர்; துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றியவர். அவர் இறந்துபோனபின் அவளுக்கென்று இருந்தது ஒரே மகன் இல்டிட். அவனும் ஆஸ்திரேலியாவில் ரயில் வேலை என்று போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையில் அவன் லீவில் வருகிறான் என்றதும் சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடி அறைச் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டினாள். எங்கள் போர்ட் டால்பட் உருக்காலையில் மேஸ்திரியாக இருந்த என் அண்ணன் எம்ரிஸைப் பிடித்தாள்.

"என் பிள்ளைக்கு ஆலையில ஒரு இடம் வச்சிருடா. இங்கேயே இருந்துடுன்னு நான் அவன்கிட்ட கேட்டுடறேன்."

தினமும் கேட்க நினைப்பாள். தினமும் நாளைக்கு என்று தள்ளுவாள்.

எங்கள் தெருவில் உருக்காலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் யாரும் துணிக்கூடையைத் தொடமாட்டார்கள். நம் பக்கம் சாய்ந்தால் துணி அடுப்படியில்தான் காயும். ஒரு திங்கட்கிழமை, தன் அம்மாவுக்கு ஒத்தாசை என்று இல்டிட் வெள்ளை விரிப்புகளையெல்லாம் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டுச் சீட்டியடித்தபடி டீ போட வந்தான். புகையோ எங்கள் கூரைக்கு மேலே.

பக்கத்து வீட்டு பியூலா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏண்டா இல்டிட், சாயம் போடுறியா? எங்க திரைச்சீலையும் இருக்கு, தரட்டா?"

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். விரிப்பெல்லாம் புகையோடு வந்த சிவப்புத் தூள். "என்னம்மா இது? எங்கேருந்து வந்துச்சு?"

தெருவே சிரித்தது. நானும்தான். சித்தியும் முதலில் சிரித்தாள். பிறகு ஈர விரிப்பைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

"அங்க எப்படிடா காயப்போடுவே?"

"எங்க வீட்டுல எந்நேரமும் போடலாம்மா. மலை மேல வீடு. நல்ல காத்து."

அதைச் சொல்லும்போது அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே சித்தி எம்ரிஸைத் தேடி வந்தாள். "அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடு."

"முடியாதுன்னுட்டானா சித்தி?"

"நான் கேக்கவே இல்ல. கேட்டா சரின்னுடுவான்டா."

லீவு முடிந்து சனிக்கிழமை அவன் கிளம்பியபோது, வழியனுப்ப அவளும் ரயிலேறினாள். பக்கத்து ஊர் பிரிட்ஜெண்ட் வரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். அங்கே அவள் இறங்கவில்லை.