மூடி மேல் பொக்கைச் சிரிப்பு

முன்பல் இரண்டும் விழுந்து நான் பொக்கை வாயோடு திரிந்த வருஷம், சில ஆயிரம் பட்டாசுப் பெட்டிகளின் மேல் சிரித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கல்லூரித் தோழிகள் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஒரு பெட்டி மூடியைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பச்சைப் பட்டுப் பாவாடை, கையில் கம்பி மத்தாப்பு, காது வரை கிழிந்த வாய். சந்தேகமே வேண்டாம், நான்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீடு திருத்தங்கலில். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அச்சகங்களுக்குப் பேப்பர் பண்டல் கொண்டுபோவார், அச்சடித்ததைக் கட்டிப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவார். அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அக்கா பதினொன்றாம் வகுப்பு, தொழிற்பிரிவு. அந்தப் பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே ஒரு கம்பெனியில் சேர்த்துவிடும். சில வாரம் அங்கே போய் வேலை பழகிவிட்டு வந்தால்தான் சான்றிதழ். அக்காவுக்குக் கிடைத்தது ஓர் அச்சகம், அதிலும் டிசைன் அறை.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதிலிருந்தே தெருவில் கிடக்கிற பட்டாசு லேபிளை எல்லாம் எடுத்துவந்து, இந்தச் சிவப்பு சரியில்லை, இந்த மயிலுக்குக் கழுத்து பத்தாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்த லேபிள்கள் பிறக்கிற அறைக்குள்ளேயே போய் உட்காரலாம் என்றால் சும்மாவா?

சிக்கல் அம்மாதான். எங்கள் வீட்டில் சட்டதிட்டம் எதுவும் பெரிதாகக் கிடையாது; அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று உண்டு. "எம்பிள்ளைக ரெண்டும் எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்கக் கூடாது." எந்தக் கம்பெனி என்று பிரித்தெல்லாம் பார்க்க மாட்டாள். பிஸ்கட் கம்பெனி என்றாலும் அதே சட்டம்தான்.

அம்மா என் வயதிலேயே தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் தெருவுக்கு வந்து ஹார்ன் அடிக்குமாம், தூக்கத்தோடு தூக்கமாக ஏற்றிவிடுவார்களாம். இதை அம்மா எப்போதாவது சொல்லும்போது எனக்கு ஒரே பொறாமையாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன், இவளுக்குத் தினமும் பஸ் சவாரி! ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்றுகூட ஒரு முறை கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கே போனாலும் வாசல் பக்கம்தான் உட்காருவாள். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு முன்னால் நாற்காலி காலியாகக் கிடக்கும். இவள் கடைசி வரிசையில், கதவை ஒட்டி இருப்பாள். வீட்டிலும் வாசல் ஓரம்தான் பாய் போடுவாள். காற்றுக்காக என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆக, அப்பாவும் அக்காவும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவது. அம்மாவின் கம்பெனி வேன் காலையிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு அக்கா யூனிபார்மோடு எங்கே போகிறாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். என் வாயை அடைக்க அப்பா தினமும் பால்பன் வாங்கிவந்தார். அந்த மாதம் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

சாயங்காலம் அம்மா வருவதற்குள் அக்கா அன்றைய கதையை என்னிடம் கொட்டிவிடுவாள். அது ஆடி மாதம். ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் எங்கள் பக்கத்தில் அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள். அச்சகத்தில் ஒருவருக்கும் தலை சொறிய நேரமில்லை. டிசைன் போடுகிற அண்ணன் ஒருவர், காலண்டர் படங்களில் முருகனுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் மாறி மாறி வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அக்காவுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். போட்டோவில் இருக்கிற ஆளைச் சுற்றிப் பின்னணியை வெட்டி எடுக்க வேண்டும், முடிக்கற்றை கூடப் பிசகக் கூடாது.

அக்காவின் போனில் இருந்தது என் போட்டோ. பங்குனிப் பொங்கலுக்கு, அம்மன் கோயில் திருவிழாவில் எடுத்தது. பஞ்சுமிட்டாயைக் கண்டு வாயைப் பிளந்திருந்தேன். அக்கா என்னை அழகாக வெட்டி எடுத்தாள். எடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். மதுரைக் கடைக்காரர் ஒருவருடைய தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் டிசைன் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. மூடியில் வெள்ளை வெளேரென்று ஒரு பையன் மத்தாப்புப் பிடித்து நின்றான். அவனைத் தூக்கிவிட்டு என்னை அங்கே நிறுத்தினாள். மத்தாப்பை என் கையில் கொடுத்தாள். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான். பார்த்தாள், சிரித்தாள், வேறு பெயரில் சேமித்துவைத்தாள். சேமித்ததாக நினைத்தாள்.

மிஷினுக்குப் போனது நான்தான்.

மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு மூடியில் இருப்பது யார் முகம் என்பதா முக்கியம்? நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் பிசகாமல் உட்கார்ந்திருந்தேன். அச்சாகி, வெட்டி, மடித்து, பழுப்புத் தாளில் பண்டல் பண்டலாகக் கட்டிவிட்டார்கள். அந்தக் கடைக்காரருக்குச் சரக்குப் போட்டுக் கொடுப்பது எந்தக் கம்பெனி என்று அக்காவுக்குத் தெரியாது. பண்டலுக்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவரே ஆட்டோவில் ஏற்றி, அவரே அம்மாவின் கம்பெனியில் இறக்கி, கேட்டில் நின்றவருக்கு வணக்கமும் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கின பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு அத்தையும் அம்மாவோடுதான் வேலை பார்த்தாள். என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "ஏ புள்ள, இன்னைக்குப் பூரா ஒம் மூஞ்சியிலதான் முழிச்சுக் கெடந்தோம்!" என்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு மூடியை எடுத்து நீட்டினாள்.

அந்த நிமிஷத்து சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் பெட்டி மேல் இருக்கிறேன்! மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். கம்பெனியில் ஒரே கூத்தாம். போர்மேன் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்து, "சின்னப் பிள்ளைகள உள்ள விடுறதில்லன்னு வாசல்ல போர்டு தொங்குது. இது எந்த வழியா உள்ள வந்துச்சு?" என்று கேட்டாராம். ஷெட்டே சிரித்ததாம். அத்தை இதைச் சொல்லும்போது அம்மா கடைசியாக வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ராத்திரி அம்மா சோறு போட்டாள். அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஸ்பெஷல் கிளாசுன்னு சொன்னீகளே, அது எந்த ஸ்கூல்ல நடக்கு?"

அப்பா சோற்றில் ரசம் ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றியிருந்தார்.

அக்காதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான், அச்சகத்தில் நாளைக்கு என்ன சொல்லப்போகிறார்களோ தெரியவில்லை என்றாள். "இன்னும் ஒரு வாரந்தாம்மா. பாதியில நிப்பாட்டுனா சர்ட்டிபிகேட் கெடைக்காது. நான் அங்கன படிக்கத்தாம்மா போறேன்."

அம்மா எழுந்து கையைக் கழுவினாள். "நாளைக்கு நானும் வாரேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடத்தான் வருகிறாள் என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். நான் மட்டும் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுகமாகத் தூங்கினேன்.

சீசன் நேரத்தில் லீவு போட்டு, விசேஷத்துக்கு உடுத்துகிற சேலையைக் கட்டிக்கொண்டு, அம்மா எங்கள் இருவரையும் அச்சகத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் போட்ட சட்டத்தை அவளே மீறி, இரண்டு பிள்ளைகளோடும் கம்பெனி வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான். எங்களைக் கண்டதும் மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. பிள்ளை படத்தைக் கேட்காமல் போட்டதற்கு வழக்குப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். "யக்கா, தப்பு எங்க மேலதான், நாங்க பாத்திருக்கணும், உக்காருங்க" என்று பதறினார்.

அம்மா அவர் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. நேரே டிசைன் அறைக்குள் போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவிட்ச் போர்டை முகர்ந்து பார்த்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"இங்கன வெடிமருந்து ஏதாச்சும் வைப்பீகளா?"

"ஐயோ, இல்லக்கா. வெறும் கம்ப்யூட்டருதான்."

"வாசல் இது ஒண்ணுதானா?"

"ஏசி ரூமுல்லக்கா. ஒரு வாசல்தான்."

"எங்க ரூமுல நாலு பக்கமும் வாசல் உண்டு" என்றாள் அம்மா, ஏதோ அவளுடைய கம்பெனிதான் வசதியானது என்பதுபோல. பிறகு மூலையில் இருந்த அக்காவின் மேஜையைக் காட்டினாள். "எம்மவ அங்கன உக்கார வேண்டாம். அதை இந்த வாசலுக்குப் பக்கத்துல தூக்கிப் போடுங்க."

டிசைன் அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார். முருகனும் மாதாவும் காத்திருக்க, கம்ப்யூட்டர், வயர், நாற்காலி எல்லாம் இடம் மாறின. அம்மா அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அது சுற்றவும் "ஆத்தாடி!" என்று கத்திவிட்டு, பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். என் பல் போன ஓட்டை வெம்பக்கோட்டை அணை மாதிரித் திரை முழுக்க விரிந்தது. "முடிகூடப் பிசகாம வெட்டியிருக்கா பாருங்கக்கா" என்றார் அண்ணன். அம்மா திரையைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கிளம்புவதற்குள் மதுரைக் கடைக்காரர் போன் செய்துவிட்டார். முந்தின நாள் கட்டி அனுப்பிய முதல் பெட்டிகள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மேனேஜர் எழுந்து நின்று பேசினார். அந்தப் பல்லில்லாத பிள்ளையே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், மிச்ச ஆர்டரையும் அப்படியே அடியுங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த ஒரு வாரமும் அவள் அம்மாவுக்குத் தெரியவே அச்சகத்துக்குப் போய்வந்தாள், சான்றிதழும் வாங்கினாள். இன்றைக்குச் சிவகாசியில் அவள் நல்ல டிசைனர். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் மேஜையை வாசல் ஓரமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு கேட்டேன். "யம்மா, நேத்து நீ என்னையப் பாத்துக்கிட்டேதான வேலை பாத்த?"

"இல்ல தாயி" என்றாள் அம்மா. "மூடிய எல்லாம் கவுத்துப் போட்டுத்தான் வேலை பாத்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது, பெற்ற தாய் மட்டும் குப்புறப் போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒம் மூஞ்சியில வெயிலு படுமுல்ல" என்றாள்.

அந்த ஷெட்டுக்கு மேலே கூரை இருக்கிறது, வெயில் எங்கிருந்து வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் வயதில் அம்மாவின் பஸ் எந்தக் கூரைக்குக் கீழே போய் நின்றது என்றும் யோசிக்கவில்லை. கோபித்துக்கொண்டு, மூடியோடு போய் உள்சுவர் ஓரமாகப் பாயை விரித்துப் படுத்தேன். அம்மா வந்தாள். பாயோடு சேர்த்து என்னை இழுத்து, வாசல் ஓரம் தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். காற்றுக்காக என்றுதான் நினைத்தேன்.