நான்கு பேருக்கு ஒரு நாடு

வேலையில் அவள் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவாள். காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வேலையில் அவளைப்போலப் பொறுமைசாலி கிடையாது என்று டாக்டரே சொல்வார்.

வீட்டுக்கு வந்துவிட்டால்தான் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டு வாய் உண்டதும் எழுந்து அடுப்பைத் துடைப்பாள். துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, சன்னல் கொக்கியைச் சரிபார்க்க மறுபடி எழுவாள். "உக்காரும்மா, பாக்கறதுக்கே தலை சுத்துது" என்பாள் மகள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்கும் கணவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். ஆகி ஒரு வருடம் தாண்டியிருந்தது. அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு மகள். அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு பையன். பையனுடைய அம்மா வேறு ஊரில் இருந்தாள். பள்ளி விடுமுறைகளில் பாதி நாள் அங்கே போய்விட்டு வருவான். இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் எப்படி ஒத்துப்போவார்கள், அடித்துக்கொள்ள மாட்டார்களா என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அவர்கள் அடித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. குளியலறை வாசலில் எதிரெதிரே வந்துவிட்டால், "நீ போ", "பரவால்ல, நீ போ" என்று ஒரே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர்போல விலகி நிற்பார்கள். ஒருவர் வைத்த தட்டை இன்னொருவர் தொட மாட்டார்.

கூப்பிடுவதிலும் அதே சங்கடம்தான். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழக வருகிறவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். மகளுக்கு அப்பா என்று வாய் வரவில்லை, அங்கிள் என்றால் அந்நியமாக இருக்கிறது, அதனால் அவளும் மாஸ்டர் என்றே கூப்பிட்டாள். பையனுக்கு அந்த வழியும் இல்லை. "வந்து... துண்டு எங்க இருக்கு?", "வந்து... நாளைக்கு நான் லேட்டா வருவேன்" என்பான்.

"என் பேரு 'வந்து'ன்னு ஆயிடுச்சு" என்று அவள் கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்துபோய், மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கோடை விடுமுறைக்கு நான்கு பேருமாக ஐரோப்பாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் அவள்தான். சரியான நாடாகப் பார்த்துப் பிடித்துவிட்டால், போகும்போது நான்கு பேராகப் போய்த் திரும்பும்போது ஒரு குடும்பமாக வந்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

திங்கட்கிழமை ஆஸ்திரியா என்பாள். "அங்க என்ன இருக்கு? மலை. அப்புறம்? இன்னொரு மலை" என்பாள் மகள். புதன்கிழமைக்குள் அது போர்ச்சுகல் ஆகிவிடும். பையன் முகம் கொஞ்சம் மலரும், அலைச்சறுக்கு பழகலாமாம். ஆனால் மகளுக்குக் கடலில் இறங்குவது என்றாலே முகம் தொங்கிப்போகும். நார்வே என்றால், யோசனை சொன்ன அம்மாவுக்கே குளிரை நினைத்து உடம்பு உதறும். ஸ்பெயினில் அந்த மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா சொன்னாள். அந்த அக்கா பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. ஆனால் எல்லா நாட்டைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்தாள்.

மாஸ்டரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "எதுவானாலும் சரி" என்பார். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அழுகிறவர்களிடமும், பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களிடமும் பேசிப் பேசி அவர் குரல் ஏறவே ஏறாது. அந்தக் குரலுக்காகத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது அதே குரல் அவள் உயிரை வாங்கியது.

"எதுவானாலும் சரின்னா எப்படிங்க? உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்காதா?"

"நீங்க மூணு பேரும் சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும்."

"அந்த மூணு பேரு யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்களே!"

ஒருநாள் சோதனை அறைக்குள் ஒரு பெரியவரை உட்காரவைத்துவிட்டு, இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பதா ரயிலில் போவதா என்ற யோசனையில் ஆழ்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "ஒண்ணுமே கேக்கலைம்மா. முழுசாப் போயிடுச்சா?" என்றார். அவள் ஒரு ஒலியையும் அனுப்பியிருக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, மறுபடி உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்று முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை. நாடு தேடுகிற பைத்தியத்தை இத்தோடு முடித்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக வீட்டுக்குப் போனாள்.

மகளுக்கு வெகுநாளாகக் கிரீஸ் மேல் ஆசை. வெள்ளை வீடுகளும் நீலக் கதவுகளும் இருக்கும் படத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. கிரீஸ் போறோம். இனிமே பேச்சே கிடையாது" என்று சாப்பாட்டு மேசையில் அவள் அறிவித்தபோது மகள் நாற்காலியிலிருந்து துள்ளினாள். மாஸ்டர் வழக்கம்போல, "நல்லாருக்கும். எதுவானாலும் சரி" என்றார். பையனும் "சரி" என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான். நிம்மதியில் இருந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் தட்டைக் காலி செய்தபின் எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து, விமானத்தில் எந்த வரிசையில் உட்காரலாம் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"அம்மா, கிரீஸ் வேணாம்."

"என்னது?"

"வேணாம். எனக்கு வெயில் ஒத்துக்காது."

அவளுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்துபோன மாதிரி இருந்தது. "வெயில் ஒத்துக்காதா? சுவரெல்லாம் ஒட்டி வச்சுக்கிட்டு, கிரீஸ் கிரீஸ்னு என் தலையத் தின்னது யாரு? இங்க எல்லாரும் உன் இஷ்டத்துக்கு ஆடணுமா? கொஞ்சமாவது அடுத்தவங்களப் பத்தி நெனச்சுப் பாக்கறியா நீ?"

மகள் எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள். அன்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அது அம்மாவை இன்னும் சீண்டியது. குரல் ஏறிற்று. மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்த மாஸ்டர் எழுந்து வந்து, "விடு, விடு" என்றார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.

"வந்து... அவளத் திட்டாதீங்க" என்றான் பையன். "நான்தான் சொன்னேன்."

"நீ என்ன சொன்ன?"

அவன் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசினான். "நாங்க அங்க போயிருக்கோம். நாலு வருஷம் முன்னாடி. அப்பா, அம்மா, நான். போன அன்னிலேர்ந்து ரூம்ல சண்டை. என்னை வெளிய போய் விளையாடச் சொல்லுவாங்க. விளையாட அங்க யாரு இருக்கா? படிக்கட்டுல உக்காந்திருப்பேன். கடைசி நாள், இனிமே ஒண்ணா இருக்க மாட்டோம்னு சொன்னாங்க. நேத்து பஸ்ல இத அவகிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதன்னேன். அதான் வெயில் கியில்ங்கறா."

மகள் அவனை முறைத்தாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண வச்சுட்டு நீயே சொல்ற? அப்ப நான் எதுக்குத் திட்டு வாங்கினேன்?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் கையில் செருப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இது தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுவானாலும் சரின்னீங்களா?"

"சின்னப் பையன், மறந்திருப்பான்னு நெனச்சேன்." செருப்பைக் கீழே வைத்தார். "நான் மறந்துட்டா அவனும் மறந்துடுவான்னு நெனச்சேன்."

அவளுக்கு எழுந்து எதையாவது துடைக்க வேண்டும்போல இருந்தது. எழுந்தும் விட்டாள். ஆனால் அடுப்புப் பக்கம் போகாமல் மகளிடம் போய், "தெரியாமத் திட்டிட்டேன்டி" என்றாள். மகள், "பரவால்ல, ஆனா நல்லாவே திட்டின" என்றாள். அடுத்து அவள் பையன் பக்கம் போனாள். என்ன செய்வதென்று தெரியாமல், கலைந்திருந்த அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவன் விலகவில்லை.

யோசனை சொன்னது மகள்தான். "பேசாம ஒண்ணு பண்ணலாம். நாலு பேர்ல யாருமே போகாத, யாருமே ஆசப்படாத நாடாப் பாக்கலாம். யாருக்கும் அதப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்கக் கூடாது."

பையன் போனில் வரைபடத்தைத் திறந்து மேசைமேல் வைத்தான். நான்கு தலைகளும் அதன்மேல் குனிந்தன. பிரான்ஸ் அவளும் முதல் கணவரும் தேனிலவுக்குப் போன இடம். அவள் கன்னம் சிவக்க, "அது வேணாம்" என்றாள், ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் மாஸ்டரின் பெரியப்பா குடும்பம் இருந்தது. போனால் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே விட மாட்டார்கள்.

"இது என்ன, இத்தாலிக்குப் பக்கத்துல குட்டியா?" என்றான் பையன்.

"ஸ்லொவேனியா" என்று மகள் படித்தாள். "யாருக்காச்சும் இதப் பத்தி எதாவது தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் காடு இருந்தது, ஏரி இருந்தது, பூமிக்கடியில் பெரிய பெரிய குகைகள் இருந்தன.

"எதுவானாலும்..." என்று ஆரம்பித்த மாஸ்டர் நிறுத்திக்கொண்டார். மூவரும் அவரையே பார்த்தார்கள். "எனக்குக் குகைக்குள்ள போகப் பயம்" என்றார் மெதுவாக. "மூச்சு முட்டும். ஏரின்னா வர்றேன்."

"அப்பாடா, மாஸ்டர் வாயத் திறந்துட்டாரு" என்றாள் மகள்.

மறுநாள் வரவேற்பு அக்கா, "ஸ்லொவாக்கியாவா? அங்க பயங்கரக் குளிராச்சே" என்றாள். அது வேறு நாடு என்று அவள் சொன்னதை அக்கா கடைசிவரை நம்பவில்லை.

ஸ்லொவேனியாவுக்குப் போன பிறகும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஏரிக்கரையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வாள். பேசாமலிருந்தால் என்ன ஆயிற்று என்று தவிப்பாள். குகைக்கு மூன்று பேர் போய்வந்தார்கள். மாஸ்டர் வெளியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பிற்பகலில் பிள்ளைகள் துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போனார்கள். வெயிலாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் இறங்கியது, காற்று வந்தது, ஏரியின் நிறமே மாறிப்போயிற்று. மற்ற படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. இவர்கள் படகு மட்டும் கரை வளைகிற இடத்துக்கு அப்பால் போனது போனதுதான்.

அவள் கரையோரமாக நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். படகுக்காரர், வந்துவிடுவார்கள் என்று கையால் சைகை காட்டினார். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு அவரும் அவளுக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் கடந்துபோகும்போதெல்லாம் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் கடந்தார்கள்.

கடைசியில் வளைவில் படகு தெரிந்தது. பக்கவாட்டில் நகர்ந்து, சுற்றி, குடிகாரன்போல வந்தது. இரண்டு துடுப்புகளில் ஒன்றுதான் இருந்தது. கரைக்கு எட்டும் முன்பே சத்தம் கேட்டது.

"நான் வலப்பக்கம் வலின்னேன், நீ இடப்பக்கம் வலிச்ச!"

"யாருக்கு வலப்பக்கம்? நீ திரும்பி உக்காந்திருந்த!"

சொட்டச் சொட்ட இருவரும் கரையேறினார்கள். மாஸ்டர் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. "காத்து அடிக்கறது கண்ணுக்குத் தெரியல? இங்க ரெண்டு பேரு செத்துச் செத்துப் பொழச்சுக்கிட்டிருக்கோம்! நீ பெரியவதானே? உனக்காவது புத்தி வேணாமா?"

மகளின் கண்கள் விரிந்தன. இந்த ஒரு வருடத்தில் அவர் அவளிடம் தயவுசெய்து, நன்றி என்ற வார்த்தைகள் இல்லாமல் பேசியதில்லை. மறுகணம் இடுப்பில் கை வைத்தாள்.

"என்கிட்ட எதுக்குக் கத்தறீங்க? துடுப்ப விட்டது உங்க பையன்! அவனக் கேளுங்க! எப்பப் பாத்தாலும் அவனுக்கே பரிஞ்சு பேசுங்க!"

"நான் எங்கடி அவனுக்குப் பரிஞ்சு பேசினேன்?"

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நீ என்னடா இளிக்கற? ரெண்டு பேரும் இனிமே தண்ணி பக்கம் போனீங்கன்னா காலை ஒடிச்சுடுவேன்!"

அவள் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மூவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அழுதாள், மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

துடுப்பு வேண்டும் என்று படகுக்காரர் நின்றார். மழை தூறலாகக் குறைந்ததும் நால்வரும் கரையோரமாகத் தேடிக்கொண்டு போனார்கள். வளைவைத் தாண்டி, நாணலுக்குள் அது சிக்கிக் கிடந்தது. பையன் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அதை எடுத்தான். மகள் கரையிலிருந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். துடுப்பை முதலில் பார்த்தது யார் என்று விடுதி வாசல்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.