காரை மண்மேட்டில் எடுத்த படம்

பெரம்பலூரில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது திருமானூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். சவுதியில் வேலை செய்யும் கணவன், பாலைவன மண்மேட்டில் தனியாக நிற்கும் போட்டோவைக் காட்டினாள்.

"அண்ணே, இங்க காரை கிராமத்துப் பக்கம் மண்ணு இப்படித்தான் இருக்குமாம். அங்க வச்சு என்னைய எடுங்க. சேத்து வச்சா அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கணும்."

போட்டோவில் அவன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. காரையில் மத்தியான வெயிலில் கண் கூசியது. அவள் நிழலோ காலடியிலேயே கிடந்தது. சாயங்காலம்வரை காத்திருந்தோம். மேகம் மூடிக்கொண்டது.

"பஸ் போயிடும்மா."

"போகட்டுங்கண்ணே."

ஒரு கணம் வெயில் எட்டிப் பார்த்தது. அவள் நிழலும் நீண்டது. எடுத்துவிட்டேன்.

பிரிண்ட் வந்ததும் இரண்டு படத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"நடுவுல இந்த வெள்ளை ஓரம் மட்டும் வேணாங்கண்ணே."

வெட்டிக் கொடுத்தேன். பிறகு எத்தனையோ கல்யாண ஜோடிகளை எடுத்துவிட்டேன். அவ்வளவு நெருங்கி நின்ற ஜோடியை நான் பார்த்ததில்லை.