பூசாமல் விட்ட வெடிப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையில் அன்று வீதிப் பாதுகாப்பு நாள். யமன் வேடம் போட அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் பாதி ஒட்டுமீசைதான். அவருடைய கதாயுதத்தின் தலை ஒரு பழைய ஹெல்மெட். முழுவதும் தங்க நிறம் பூசி, ஒரு வெடிப்பை மட்டும் அப்படியே விட்டிருந்தார்.

“அதையும் பூசியிருக்கலாமே?” என்றேன்.

“பிள்ளையள் கேக்கோணும், சேர்.”

கேட்டார்கள். நாடகம் முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு, “யமன் மாமா, இது எப்பிடி வெடிச்சது?” என்றார்கள்.

யமனின் குரல் மாறவேயில்லை. “இது என்ர தம்பியின்ர ஹெல்மெட். லொறி அடிக்கேக்க அவன்ர தலை இதுக்குள்ளதான் இருந்தது. அடிச்சவர் அங்க முன்கதிரையில இருக்கிறார். எப்பிடி எண்டு அவரிட்டையே கேளுங்கோ.”

அங்கே மாலையோடு இருந்தவர் எங்கள் சிறப்பு விருந்தினர். பிள்ளைகள் ஓடிப்போய் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ஒட்டுமீசையை உரித்தபடி யமன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அடுத்த வருசமும் இவரைத்தானே கூப்பிடுவீங்கள், சேர்?”

இருவரையும் கூப்பிட்டேன்.