வெடிக்காத பவுடர்

கூரியரில் வெடிபொருள் அனுப்பக் கூடாது. விதி அவ்வளவுதான். பவுடர் அனுப்பக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. பட்டாசு உரிமப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதிப் புத்தகத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சிவகாசியில் கூரியர் ஆபீஸ் வைத்திருப்பவருக்குப் புத்தகம் எதற்கு? ஊர்ப் பெயரே போதும்.

பக்கத்து வீட்டு முத்துராஜ், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவர் மகள் செல்வி மதுரையில் ஆராய்ச்சி மாணவி. புற்றுநோய்க் கட்டியை உடம்பே எதிர்த்துப் போராட வைக்கிற ஊசி மருந்து ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். கடந்த பங்குனியில், அந்த மருந்துப் பவுடரோடு சென்னைக்குக் கிளம்பியவள், போகும் முன் அம்மா கையால் ஒரு வேளை சாப்பிடலாம் என்று வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.

சென்னை ஆய்வகத்தில் எலிகள் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் கட்டி வளர ஆரம்பித்திருந்தது. அந்த வாரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தாமதமானால் கட்டி பெரிதாகிவிடும், சோதனை வீண், செல்வியின் பல வருட உழைப்பும் அதோடு சரி.

முத்துராஜ் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. குளிரிலேயே இருக்க வேண்டிய பவுடர் என் வீட்டுக்குக் குடிவந்தது. என் மனைவி கேட்டாள்: "கான்சர் மருந்துங்கிறீக. பக்கத்துல தோசை மாவு இருக்கே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் மருந்தைக் கேட்டேன்."

அது என்ன மருந்து? ஜன்னலுக்கு உள்ளே இருந்து செல்வி விளக்கினாள். "கட்டியில இருக்கிறதும் நம்ம உடம்புச் செல்தான் மாமா. உள்ளூர்க்காரன்னு நெனச்சு உடம்புல இருக்கிற போலீஸ் விட்டுருது. கட்டிக்கு மட்டும் உள்ள அடையாளத்தை எடுத்து, சின்னச் சின்னப் புரதத் துண்டுல, பெப்டைடும்பாக, அதுல கோத்துருக்கேன். தண்ணியில கரைச்சா துண்டெல்லாம் தானாவே ஒண்ணு சேந்து பந்தாகிரும். பந்து மேல அந்த அடையாளம் வரிசையா நிக்கும். போலீசுக்கு ஃபோட்டோ காட்டுற மாதிரி."

முத்துராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தானாவே அடுக்கிக்கிடுமா? நாங்க ஃபேன்சி வெடியில ஒவ்வொரு உருண்டையா கையாலதான அடுக்குறோம். ஒண்ணு சாஞ்சாலும் வானத்துல பூ கோணிக்கிடும். இந்த வித்தையை எங்க கம்பெனிக்குச் சொல்லிக் கொடேன். சீசனுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்."

"அது கண்ணுக்கே தெரியாதுப்பா."

"கண்ணுக்குத் தெரியாத வெடியை எவன் வாங்குவான்?"

நியாயமான கேள்வி.

கூரியர் ஆபீசுக்கு நானும் முத்துராஜும் போனோம். அங்கிருந்த இளைஞர் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை. "சிவகாசிப் பவுடர் எடுக்க மாட்டோம் சார். போன வாரம் ஒரு அம்மா மகனுக்கு இட்லிப் பொடி அனுப்ப வந்தாக. அதையே திருப்பி அனுப்பிட்டோம்."

"இட்லிப் பொடி வெடிக்குமா தம்பி?"

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மேல உள்ளவுகளுக்குத் தெரியணும்ல? வெடிபொருள் இல்லைன்னு பட்டாசு உரிம ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

வாங்கிவிடலாம்தான். அன்றே மனு எழுதினேன் – பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. நேரில் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். ஆனால் அந்த அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். எலிகளின் அவசரம் அங்கே எடுபடாது என்பது எனக்குத் தெரியாதா?

மறுநாள் மின்வெட்டு. ஃபிரிட்ஜில் ஐஸ் இளக ஆரம்பித்தது. முத்துராஜ் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். பட்டாசு லோடு ஏறும்போது பதறாத மனிதர், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். திறக்காதீர்கள், குளிர் போய்விடும் என்று மனைவி அதட்ட வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, நாமளே கொண்டு போயிருவமா?"

ஐஸ்கிரீம் கடையில் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்கில் நிரப்பினோம். விருதுநகர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். சிவகாசிப் பையைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் போல.

"ஃபிளாஸ்க்ல என்ன?"

"பெப்டைடு," என்றேன்.

"அது என்ன ரகம்? சரமா, தரைச்சக்கரமா?"

நான் வாய் திறப்பதற்குள் முத்துராஜ் முந்திக்கொண்டார். "வெளிய வெடிக்காது சார். உடம்புக்குள்ள போனாத்தேன் வேலையைக் காட்டும்."

அப்புறம் அரை மணி நேரம் விளக்கம். செல்வி வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், என் பழைய அடையாள அட்டை, எலிகளின் நிலைமை எல்லாம் சொல்லி முடித்தோம். கடைசியில் போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க மாமியாருக்கும் கட்டிதான் சார். இது எப்ப கடைக்கு வரும்?"

எலிகளைத் தாண்டி மனிதர்களுக்கு வர இன்னும் வெகு தூரம் என்றேன். அவர் எங்களுக்கு ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். உள்ளூர் முகவரி இருப்பதால் உடம்பு கட்டியைச் சந்தேகப்படுவதில்லை. சிவகாசி முகவரி இருப்பதால் இட்லிப் பொடியைக்கூட ஊர் விடுவதில்லை. ஆளைப் பார்க்காமல் முகவரியைப் பார்க்கிற வழக்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது பாருங்கள்...

பவுடர் குளிர் குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஊசியும் சொன்ன வாரத்தில் போட்டார்கள். ஆனி மாதம் ஒரு மத்தியானம் செல்வி போன் செய்தாள்.

"மாமா, ஊசி போட்ட எலியில நெறையதுக்கு அதுக்கு மேல கட்டி வளரவே இல்ல. உடம்புப் போலீஸ் கட்டியைச் சுத்தி வளைச்சு நிக்குது. ஒண்ணு ரெண்டு எலிதான் ஏமாத்திருச்சு."

"அப்பாகிட்டச் சொன்னியாம்மா?"

"சொன்னேன். ஏமாத்துன எலியைப் பத்தித்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்காக."

ஃபோர்மேன் அல்லவா? வெடிக்காமல் போனதைத்தானே முதலில் கேட்பார்.

என் மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. குறை சொல்லக் கூடாது, தெளிவான பதில்: தாங்கள் குறிப்பிடும் பொருள் வெடிபொருள் அல்ல, ஆகவே அது குறித்துச் சான்று வழங்க இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.

கிடைத்த தேதி: தீபாவளிக்கு முதல் நாள்.